சிங்கிள் ஃபேஸ்

அகிம்சாபுரத்தில் அந்த அறையைப் பிடித்த அன்றே
வீட்டுக்காரர் சொன்னார்:
"சத்தம் போடக் கூடாது."
எங்களுக்குக் கேட்கவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம்
துளசிராமின் விசைத்தறிகள் நான்கும் ஓடிக்கொண்டிருந்தன.

கோரிப்பாளையத்துப் புரோட்டாக் கடையில் கேட்டு வாங்கி
இருநூற்றுப் பத்து முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினோம்.
சித்திரையில் பசை உருகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன.
மிச்சத்தில் பல்லிகள் குடியேறின.
பிறகு ஒரு பழைய மெத்தையை நிறுத்திச் சாத்தினோம்.
தறி அந்த மெத்தையையும் சேர்த்து நெய்தது.

மொக்கராசுவின் காலடியில் நான்கு பெடல்கள்.
ஒன்றில் குரலைப் போட்டால் ஏழு முறை திரும்பி வரும்.
ஏழாவதாக வருவது தன் குரல் இல்லை என்பான்.
எஸ்தர் ரூபி
உறுமியின் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பாள்;
எங்கோ ஒரு மாடு கனவில் அம்மா என்கும்.
நான் பேஸ் கிதார்.
பகலில் மாநகராட்சியில் வீட்டுவரி ரசீது போடுகிறேன்.

எங்கள் பெரிய பாட்டு பதினோரு நிமிடம்.
வரிகள் இரண்டே:
ஆத்துக்குள்ள ஒரு ரோடு போகுது
ரோட்டுக்குள்ள ஒரு ஆறு போகுது.
ஐந்தாவது முறை பாடும்போது
எதற்குள் எது என்று பாடுகிறவனுக்கும் தெரியாது.
கேட்டவர்கள் காதோரம் வந்து விசாரிப்பார்கள்,
"என்ன போடுறீங்க?"
"சுக்குமல்லி காப்பி" என்பாள் ரூபி.
யாரும் நம்பியதில்லை.

சில இரவுகளில் பாட்டு தேனுக்குள் நடப்பதுபோல் நடக்கும்.
ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில்
ஆள் படுத்துத் தூங்கிவிட்டு எழுந்து வரலாம்.
பௌர்ணமி என்றான் மொக்கராசு.
புது பெடல் என்றேன் நான்.
டிரம்ஸ் வாசிக்கும் இப்ராம்ஷா
சிம்மக்கல்லில் மோட்டார் காயில் கட்டுகிறவன்.
எதுவும் பேசாமல் எழுந்து போய்
மீட்டரின் இரண்டு முனைகளையும் பிளக்கில் சொருகினான்.
நூற்று அறுபத்தெட்டு.

"செல்லூர் பூரா தண்ணி மோட்டார் போட்டிருக்கு.
தறி மூச்சு வாங்குது.
நாம தறி பின்னாடி போறோம், அவ்வளவுதான்."

அன்றைக்குத்தான் குழுவுக்குப் பெயர் கிடைத்தது.

அழகர்கோவில் ரோட்டில்
ஒரு விடுதியின் புல்வெளியில் முதல் மேடை.
ஜெனரேட்டர். இருநூற்று முப்பது, நடுக்கம் இல்லாத மின்சாரம்.
பாட்டு எட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.
கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது.
ஒரு பையன் சட்டையில் கையெழுத்துக் கேட்டான்.

கடைசி வரிசையில் துளசிராம்.
நாங்கள் கூப்பிடவில்லை.
இரண்டு வருடம் எங்களைச் சுவர் வழியாகக் கேட்டவர்
முகங்களைப் பார்க்க வந்திருக்கிறார்.
ஒயர் சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்:
"நாலாவது நிமிசத்துல நூல் அந்துபோகும்ல,
அங்க நிக்காமப் போயிட்டீங்களே."

ஆட்டோவில்
மடியில் கிதாரோடு போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.
போன தை மாதம் அறையிலேயே பதிந்தது.
மூன்று ஐம்பத்தெட்டு.
சுவருக்கு அந்தப் பக்கம் இரவுத் தறி நிற்கிறது.
நாங்களும் நிற்கிறோம்.
நான்கு பேரும், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.
ஒரு பல்லி சொல்கிறது.
பிறகு தறி, பிறகு நாங்கள்.

அந்த மௌனத்தை எத்தனை பேர் பாராட்டியிருக்கிறார்கள்!
ஒரு ஆள் விரலை எச்சில் தொட்டு
அறுந்த இழையைத் தேடிய நேரம் அது.

ஏ.வி. பாலம் தாண்டும்போது
கீழே ஆற்றுக்குள் ஒரு லாரி
விளக்குப் போட்டுப் போய்க்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை ஒத்திகை.
மின்சாரம் இருநூற்று இரண்டு, பரவாயில்லை.
நான்காவது நிமிடத்தில் நின்றோம்.
அந்தப் பக்கம் தறி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.
ரூபி குச்சியைத் தோலிலிருந்து எடுக்கவில்லை.
இப்ராம்ஷா கண்ணை மூடியிருந்தான்.
அறாத நூலை
அவர் முடிந்து முடிக்கும்வரை
காத்திருந்தோம்.